போடி வழியா ஏறி வா

பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்புல அனுப்பின பயணத் திட்டத்தை அப்பாதான் எழுத்தைப் பெருசாக்கிக் காட்டினார். கொச்சியில இறங்குறீங்க, கார் வச்சு மூணாறு போறீங்க, ஜிப்லைன், ஜீப் சவாரி, கடைசி நாள் மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் ‘உள்ளூர் வரலாறு’. கூட வர்ற புனேப் பிள்ளைகளுக்கு மூணாறுன்னா போட்டோவுல பார்த்த பச்சை மலை, அவ்வளவுதான். உனக்கு அது அம்மா பிறந்த ஊரு. போன்ல சொன்னா ‘சரிம்மா சரிம்மா’ன்னு வச்சிருவே. அதான் உக்காந்து எழுதுறேன்.

கொச்சியை விட்டுரு. சென்னை வந்து நம்ம ஊரு போடிநாயக்கனூருக்குப் போற ரயிலைப் பிடி. 2010 கடைசியில மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினப்போ இனி இந்த ஊருக்கு ரயில் வரவே வராதுன்னு பேசிக்கிட்டாங்க. 2023 ஜூன்ல அகலப்பாதையில திரும்ப வந்துருச்சு. வீட்டுல ஒரு ராத்திரி தங்குங்க. மறுநாள் காலையில குரங்கணிக்குப் போகலாம். மூணாறோட கதை மூணாறுல ஆரம்பிக்கல, இந்த அடிவாரத்துல ஆரம்பிக்குது.

என் தாத்தா கயத்தாறு பக்கம். மழை பொய்ச்ச ஒரு வருசம், தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி முன்பணம் குடுத்துக் கூட்டி வந்த ஆட்களோட போடி வந்து, குரங்கணி வழியா நடந்தே மலையேறினவர். அப்போ டாப் ஸ்டேஷன்லேர்ந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடம் ஓடிக்கிட்டிருந்துச்சு. மேல டாப் ஸ்டேஷன், கீழ பாட்டம் ஸ்டேஷன், நடுவுல சென்ட்ரல் ஸ்டேஷன். தேயிலைப் பெட்டி கம்பியில தொங்கிக்கிட்டு இறங்கும். அரிசி மூட்டை கம்பியில ஏறும். மனுசங்க மட்டும் நடக்கணும். இறங்கின பெட்டி மாட்டு வண்டியில போடி வந்து, அங்கேருந்து தூத்துக்குடி போய், கப்பல்ல சீமைக்குப் போகும். சென்ட்ரல் ஸ்டேஷன்ல இன்னைக்கும் குடும்பங்கள் இருக்கு. கம்பிவடம் போயி எத்தனையோ காலமாச்சு, ஊர்ப்பேரு மட்டும் ஸ்டேஷனாவே நிக்குது.

மூணாறுலேர்ந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் பெட்டி எப்படி வந்துச்சுன்னு உன் கூட்டாளிங்க கேப்பாங்க. இன்ஜினியர் பிள்ளைகதானே, இதைச் சொல்லு. 1902-ல அங்க ஒத்தைத் தண்டவாளம் போட்டாங்க. வண்டியோட சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்துல உருளும், பெரிய சக்கரம் ஒண்ணு பக்கத்துல மண் ரோட்டுல உருண்டு வண்டி சாயாம பார்த்துக்கும். இழுக்கிறது காளை மாடு. 1908-ல அதை எடுத்துட்டு, ரெண்டடி அகலத்துல ரெட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி இன்ஜின் விட்டாங்க. குண்டளை பள்ளத்தாக்கு ரயில்னு பேரு. மாட்டுப்பட்டியிலயும் பாலாறுலயும் நின்னு போகும். அந்த உசரத்துல, இங்கிலீஷ்காரன் டீ குடிக்கிறதுக்காக, இவ்வளவு ஏற்பாடு!

எல்லாத்தையும் 1924 ஜூலை மழை கொண்டுபோயிருச்சு. மலையாள ஆண்டு 1099, அதனால கேரளத்துல அதைத் ‘தொண்ணூத்தொன்பதுல வந்த வெள்ளம்’னுதான் இன்னமும் சொல்லுவாங்க. மாட்டுப்பட்டிப் பக்கம் மண்ணும் மரமும் சரிஞ்சு ஆத்தை அடைச்சு, தானா ஒரு அணை மாதிரி நின்னு, அது உடைஞ்சப்போ மூணாறு டவுனே போச்சு. தண்டவாளத்தைத் திரும்பப் போடவே இல்லை. தாத்தா அதை மேல தோட்டத்து டிவிஷன்லேர்ந்து பார்த்தவர். ஆனா அதைப் பத்திக் கேட்டா ரயிலைப் பத்திப் பேச மாட்டார். அன்னைக்குச் செத்த மாடுகளைப் பத்தித்தான் பேசுவார்.

இப்போ நடைக்கு வர்றேன். நீ எழுதியிருக்க, ‘குரங்கணி ட்ரெக், பர்மிஷன் தேவைன்னா பார்த்துக்கலாம்’னு. அந்தப் பேச்சே வேண்டாம். 2018 மார்ச் 11 அன்னைக்கு நாங்க இந்த மாடியிலேர்ந்து பார்த்தது புகை. கொழுக்குமலையிலேர்ந்து இறங்கிக்கிட்டிருந்த பிள்ளைகளைக் காட்டுத்தீ சுத்திக்கிச்சு. உன் வயசுப் பொண்ணுங்கதான் அதிகம். 23 பேர் போயிட்டாங்க. ஹெலிகாப்டர் வர்றதுக்கு முந்தி குரங்கணி ஊர்க்காரங்கதான் இருட்டுல ஏறி, கட்டிலும் துணியும் கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. மாசி, பங்குனியில அந்தச் சரிவுல புல் ஆள் உசரம் காய்ஞ்சு நிக்கும். காத்து கீழேருந்து மேல அடிக்கும், நெருப்பும் அதோட ஏறும். மனுசன் ஓடுற வேகம் அதுக்கு ஈடாகாது. அங்க பிறந்து வளர்ந்த முதுவான் பழங்குடிச் சனங்க அந்த மாசத்துல எந்தச் சரிவுல கால் வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவங்க. சமவெளியிலேர்ந்து போறவங்களுக்கு அது தெரியாது, அவங்க மேல தப்பும் இல்லை.

நீங்க வர்றது டிசம்பர், அந்தப் பயம் குறைவு. ஆனாலும் முறையாப் போங்க. தமிழ்நாடு வனத்துறை 2024-ல 40 பாதைகளைத் திறந்து ஆன்லைன்ல பதிவு பண்ற ஏற்பாடு செஞ்சிருக்கு. குரங்கணி–சாம்பலாறு அதுல ஒண்ணு. உள்ளூர்ப் பிள்ளைகளே வழிகாட்டியா வருவாங்க. அந்தப் பையன்கிட்ட பேச்சுக் குடு. கம்பிவடத்துக் கதையெல்லாம் அவங்க பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருப்பான். சாம்பலாறு போய்த் திரும்பின ராத்திரி இங்க படுத்துட்டு, மறுநாள் போடிமெட்டு வழியா பஸ்ல மூணாறு ஏறுங்க. பதினேழு கொண்டை ஊசி வளைவு. முன் சீட்டு பிடி, உனக்குத்தான் வாந்தி வரும். அப்புறம் மூணாறுலேர்ந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோட்டு வழியாப் போய் விளிம்புல நின்னு கீழ பாருங்க. முந்தின நாள் நடந்த காடு அங்கேதான் கிடக்கும். கீழேருந்து பார்க்காம மேலேருந்து மட்டும் பார்த்தா அது வெறும் வியூ பாயின்ட்.

மூணாறு டவுனுக்குள்ள சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் கோயிலுக்குப் போ. கல்லுக் கட்டடம், 1910-ல அஸ்திவாரம் போட்டது. ஆனா பின்னாடி மேட்டுல இருக்கிற கல்லறைத் தோட்டம் கோயிலுக்கு மூத்தது. முதல் கல்லறை 1894-ல, ஒரு இளவயசு வெள்ளைக்காரப் பொண்ணு, எலினர். தோட்டத்து மேலாளரைக் கல்யாணம் கட்டி வந்த கொஞ்ச நாளுல காலரா கொண்டுபோயிருச்சு. அந்தக் கல்லறை முன்னாடி நின்னு கைடு கண்ணு கலங்கச் சொல்லுவார், கேட்டுக்க, பாவம்தான். அதே காலராவுலயும் மலைக்காய்ச்சல்லயும் நம்ம ஆளுங்க எத்தனை பேர் போனாங்கன்னு எந்தக் கல்லுலயும் எழுதல. காடு வெட்டின ஆளுங்க எங்க புதைஞ்சாங்கன்னு தேயிலைச் செடிக்குத்தான் தெரியும்னு எங்கம்மா சொல்லும்.

ஆத்துக்குப் பக்கத்துல கம்பெனி ஆபீஸ் ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்து ரயில் ஸ்டேஷன் அதுதான். நல்லதண்ணித் தோட்டத்துல தேயிலை மியூசியம் இருக்கு. எல்லாரும் மெஷினைப் பார்த்துட்டு, டீ குடிச்சுட்டுப் போயிருவாங்க. நீ ரெண்டு சாமான் தேடிப் பாரு. ஒண்ணு, அந்தக் குட்டி ரயிலோட சக்கரம். இன்னொண்ணு கருங்கல் மேல வச்ச சூரியக் கடிகாரம். 1913-ல செஞ்சது, செஞ்ச இடம் நம்ம திருநெல்வேலிச் சீமை நாசரேத்துத் தொழிற்பள்ளி. தாத்தாவோட சொந்த மண்ணுலேர்ந்து ஆளு மட்டும் போகல பாரு, மணி காட்டுற கல்லும் போயிருக்கு. எனக்கு அதுல ஒரு பெருமை, ஏன்னு தெரியல.

தேவிகுளம் தாண்டுறப்போ உன் கூட்டாளிங்க கேப்பாங்க, ‘கேரளாவுல ஏன் எல்லாரும் தமிழ் பேசுறாங்க’ன்னு. 1956-ல மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்போ தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோட சேர்க்கணும்னு பெரிய போராட்டம் நடந்துச்சு. நடக்கல, கேரளத்தோட போச்சு. அதனால நான் கேரளத்துல பிறந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சு, மலையாளத்துல மனு எழுதி, தமிழ்நாட்டுக்குக் கல்யாணமாகி வந்தவ. எனக்கு இதுல ஒரு குறையும் இல்லை. வேலைக்காலம் முடிஞ்சா லயத்தை, அதான் தோட்டத்துல குடுத்த வரிசை வீட்டை, காலி பண்ணணும்கிறது எல்லாத் தோட்டத்துக்கும் பொது வழக்கம். அப்போ போக ஒரு வீடு இல்லாம நின்னாங்களே எங்கப்பாவும் எங்கம்மாவும், குறை அங்கதான். போடியில இந்த வீடு வந்த கதை அதுதான். நீ சின்ன வயசுல கேப்பியே, உன் தாத்தா, அதான் எங்கப்பா, ஏன் எப்பவும் மலையைப் பார்த்தே உக்காந்திருக்கார்னு.

பிரிட்டிஷ்காரன் கதையோட வரலாறு முடிஞ்சதுன்னு நினைச்சுக்காதே. 2015 செப்டம்பர்ல கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க மூணாறு நடு ரோட்டுல உக்காந்தாங்க. போனஸ் 20 சதவீதத்துலேர்ந்து பத்தாக் குறைஞ்சதுதான் தொடக்கம். ‘பெம்பிளை ஒருமை’ன்னு, அதாவது பொம்பளைங்க ஒற்றுமைன்னு, பேரு வச்சுக்கிட்டு, யூனியன் தலைவருங்களைப் பக்கத்துலயே விடல. ஒன்பது நாளு. 20 சதவீதத்தை வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க. அந்தக் கூட்டத்துல என்கூடப் படிச்சவங்க இருந்தாங்க, டிவியில பார்த்துக் கை தட்டினேன். மூணாறுல உங்க கைடு இதைச் சொல்வாரான்னு தெரியல. நீ சொல்லு.

வரையாடு பார்க்க இரவிகுளம் போவீங்கதானே? வெள்ளைக்காரங்க வேட்டைக்குன்னு காப்பாத்தி வச்சிருந்த மலை, 1978-ல தேசியப் பூங்கா ஆச்சு. ஆனைமுடி அதுக்குள்ளதான் இருக்கு, 2,695 மீட்டர். வரையாடு ஆளைப் பார்த்து ஓடாது, பக்கத்துலயே மேயும், தொடாதீங்க. குறிஞ்சி இப்போ கிடையாது. 2018-ல பூத்துச்சு, இனி 2030. நடுவுல யாராவது நீலமா எதையோ காட்டிக் குறிஞ்சின்னா நம்பாதே.

வரையாடு பார்க்கப் போற இடம் ராஜமலை, அதுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிஞ்சு லயத்து மேல விழுந்துச்சு. கரன்ட் இல்லை, போன் இல்லை, விடிஞ்சுதான் வெளியே தெரிஞ்சுது. 70 பேர் போயிட்டாங்க. நிறையப் பேருக்குச் சொந்த ஊரு கயத்தாறு, நம்ம சனம். ராஜமலையில ஒரே இடத்துல அடக்கம் பண்ணியிருக்காங்க. அங்க போட்டோ எடுக்க வேண்டாம்னு உன் கூட்டாளிங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிரு. பூ வாங்கிட்டுப் போனா போதும்.

சாகசம் வேணும்னா மீசப்புலிமலை ஏறுங்க. 2,640 மீட்டர். கேரள வன வளர்ச்சிக் கழகத்துல பதிவு பண்ணி, ரோடோ வேலி முகாம்ல தங்கி விடியக் காலையில கிளம்பணும். உன் முட்டிக்கு அது தாங்கும், அந்த ஜிப்லைன் காசை இதுல போடு. கொழுக்குமலைக்கு ஜீப்புல போறதுன்னா அதுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. தோட்டம் தேனி மாவட்டத்துல, ஜீப் போற வழி கேரளத்துச் சூரியநெல்லியிலேர்ந்து. குலுக்கல்ல இடுப்பு கழண்டு போகும். மேல போனா பழைய மர மெஷின் ஓடுற தொழிற்சாலை, கீழ நம்ம போடி தெரியும். மேகம் இல்லைன்னா.

மார்கழிக் குளிரை லேசா எடுத்துக்காதீங்க. செண்டுவாரை, லட்சுமி தோட்டப் பக்கம் விடியக்காலையில புல்லு வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். கம்பளி, குல்லா, காலுக்கு நல்ல ஷூ. ஆனையிறங்கல் பக்கம் ராத்திரியில வண்டி ஓட்ட வேண்டாம், யானை நடமாட்டம் இருக்கிற இடம்.

எத்தனை பேர் வர்றீங்க, அதுல எத்தனை பேர் கறி சாப்பிட மாட்டாங்கன்னு எழுது. மெத்தை நாலுதான் இருக்கு, பாக்கிப் பேருக்குப் பாய். அப்பா ஏலக்காய் வாங்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கார், உன் ஆபீஸுக்கு எவ்வளவு வேணும்? பச்சை நிறம் மாறாத எட்டு மில்லிமீட்டர் காய் பார்த்து வாங்கி வைக்கச் சொல்றேன். ரயில் டிக்கெட்டை இப்பவே போட்டுரு, கிறிஸ்மஸ் லீவுக்குச் சீக்கிரம் தீர்ந்துரும்.

அம்மா