ஏல அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாளிதழ்களில் வரும் வீட்டு ஏல அறிவிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. வீட்டுக் கடன் தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாகிவிடும். பிறகு, அடமானச் சொத்தை வங்கியே கையகப்படுத்தி விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி, நிலுவையைக் கட்ட 60 நாள் கெடு விதித்து வங்கி நோட்டீஸ் அனுப்பும். பயத்தில் பலர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாள்களுக்குள் வங்கி பதில் தந்தாக வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை தொடங்கினாலும் 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். இந்த உரிமைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை போனாலோ, வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலோ, முதல் தவணை தவறும் முன்பே கிளை மேலாளரைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேட்கலாம். கடனை மறுசீரமைத்தால் அதுவும் நம் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் பதிவாகும் என்பது உண்மைதான். ஆனாலும் வீடு மிஞ்சும்.

புதிதாக வீடு வாங்குவோர், முன்பணம் கொடுக்கும் முன் சிபில் நிறுவனம் தரும் தங்கள் கடன் அறிக்கையைப் பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகவே கிடைக்கிறது. அடைத்த கடன் நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தால் உடனே புகார் செய்யலாம்.

வங்கிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நோட்டீஸைத் தமிழிலும் அனுப்புங்கள்.

- வாசகர், திருச்சி