ஐஸ் கோல் தந்த பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அலாஸ்காவின் பெத்தேல் ஊராருக்கு வணக்கம்.

ஐஸ் அளக்கும் கருவிகள் எங்கள் கையைவிட்டுப் போன அந்த வாரத்தைப் பற்றி இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. எங்கள் கருவி அறை என்ன ஆனதென்று ஊருக்கே தெரியும். குஸ்கோக்விம் ஆற்றில் மாணவர்கள் ஐஸ் அளக்கும் வேலை இந்தக் குளிர்காலமும் நிற்கவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். முதல் நன்றி, பள்ளி வாசலில் ஒரு மரக்கோலைச் சாத்திவைத்துவிட்டுப் போன பெரியவருக்கு. யாரென்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை.

ஸ்ப்ரூஸ் மரக்கோல், ஒன்றரை மீட்டர் இருக்கும். கீழ்முனையில் ஐஸின் அடிப்பக்கத்தில் மாட்டிப் பிடிக்க, இரண்டு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புக் கொக்கி, எட்டு சென்டிமீட்டர் நீட்டம். ஐஸில் நாங்கள் போடும் 20 சென்டிமீட்டர் அகலத் துளையில் தாராளமாக இறங்கும். அளவுக் குறிகள் பெயின்ட் இல்லை, கத்தியால் வெட்டிய வெட்டுகள். இந்த ஒரு விஷயத்துக்கே தனியாக நன்றி சொல்லலாம். தண்ணீரிலிருந்து எடுத்த நொடியில் கோலின் மேல் கண்ணாடிபோல ஐஸ் படிந்துவிடும், பெயின்ட் கோடு அதற்குள் மங்கிப்போகும். டிசம்பரில் இங்கே சூரியன் பதினொரு மணி வாக்கில்தான் தலைகாட்டும். காலை வகுப்புக்கு இருட்டில் போகிற பிள்ளைகள் கையுறையோடு கட்டைவிரலால் தடவியே வெட்டுகளை எண்ணிவிடுகிறார்கள். கடையில் வாங்கிய எங்கள் பழைய அளவுகோலில் அது முடியாது.

கோலைக் காட்டிலும் பெரிய உதவி, அது வந்து சேர்ந்த நேரம். பெத்தேலுக்குச் சாலைத் தொடர்பு கிடையாது. கோடையில் பார்ஜ் என்னும் சரக்குப் படகு, மற்றபடி விமானம்தான். புதுக் கருவி வருவதற்குள் ஐஸ் பாதி வளர்ந்துவிடும். ஐஸ் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கு எத்தனை டிகிரி செல்சியஸ் கீழே என்று கூட்டிக்கொண்டே வந்து, மொத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து, பனி மூடிய ஆற்றுக்கு ஏறக்குறைய 1.5 ஆல் பெருக்கினால் தடிமன் சென்டிமீட்டரில் வரும். மைனஸ் 20-இல் ஐந்து நாள் என்றால் 100 டிகிரி-நாள், 15 சென்டிமீட்டர். அடுத்த 15 சென்டிமீட்டருக்கு அதே குளிரில் இன்னும் பதினைந்து நாள் வேண்டும். வளர்ந்த ஐஸே கீழிருக்கும் நீருக்குப் போர்வையாகிவிடுகிறது. ஆக, தொடக்க அளவுகள் தவறினால் பிள்ளைகள் வரையும் வளைகோட்டில் செங்குத்தாக ஏறும் பகுதியே இருக்காது. ஜனவரியில் எத்தனை துளை போட்டாலும் அதை மீட்க முடியாது.

பெரியவர் மறுநாள் வந்து ஒரு விஷயம் காட்டிக்கொடுத்தார். துளையில் மிதக்கும் ஐஸ் கூழைச் சல்லடைக் கரண்டியால் அள்ளிய பிறகு கொக்கியை இறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்துப் பார்த்து எழுதக் கூடாது. நான்கு பக்கமும் திருப்பிப் பிடித்துச் சராசரி எடுக்க வேண்டும். ஓடும் ஆற்றில் ஐஸின் அடியில் நொய்யான ஐஸ் துகள்கள் ஒட்டித் தொங்கும். கொக்கி அதில் மாட்டினால் கை தொய்வாக உணரும், அளவு கூடுதலாக வரும். சற்று அழுத்தி மேலே இழுத்தால் துகள்கள் விலகி, கொக்கி 'டக்'கென்று கெட்டி ஐஸில் முட்டும். அந்த அளவே சரியான அளவு.

துளையில் நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறோம். பனிச்சுமை இல்லாத 30 சென்டிமீட்டர் ஐஸ், நீருக்கு மேலே இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குத் தெரியும். தண்ணீர் பொங்கி ஐஸின் மேலே வந்தால், பனி அதைக் கீழே அழுத்துகிறது என்று பொருள். அந்த நீர் பனியோடு கலந்து உறைந்தால் வெள்ளை ஐஸ். தெளிந்த ஐஸில் பாதி பலம்தான் அதற்கு. ஒருவர் நடக்கத் தெளிந்த ஐஸ் 10 சென்டிமீட்டர் போதும் என்பது பொதுக் கணக்கு. வெள்ளையானால் இரட்டிப்பு வேண்டும். அளக்கும் இடத்தைச் சுற்றிப் பனியை மிதிக்கவே கூடாது. புதுப் பனி வெப்பத்தைக் கடத்துவது ஐஸில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிதித்து இறுக்கிய இடத்தில் குளிர் வேகமாக உள்ளே இறங்கி, அடுத்த வாரம் அங்கே மட்டும் ஐஸ் தடித்திருக்கும். அதனால்தான் வாரம் ஒரு புது இடம்.

மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் நன்றி. ஐஸில் துளை போடும் ஆகரின் பிளேடுகளைக் காசு வாங்காமல் தீட்டித் தந்த ஸ்னோமொபைல் பட்டறைக்காரர்கள், அதற்குக் கேன்வாஸ் உறை தைத்துத் தந்த பாட்டி (ஈரமான பிளேடில் ஐஸ் படிந்தால் அது கடிக்காது, வழுக்கும், தட்டி உதிர்க்கப் போனால் பிளேடின் கோணமே கெட்டுவிடும்), நாங்கள் போவதற்கு முன்னே இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து வழி குறித்த, திறந்த நீர் உள்ள இடங்களில் கம்பு நட்ட தேடல்-மீட்புத் தொண்டர்கள், தராசைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த சரக்கு விமான ஊழியர். அலாஸ்காவின் இன்னொரு ஆற்றங்கரை ஊரான நெனானாவில் 1917 முதல் எழுதிவரும், ஆற்று ஐஸ் உடையும் நாள் பட்டியலை அச்செடுத்துத் தந்தவருக்கும் நன்றி. 2019 ஏப்ரல் 14 அதில் ஒரு சாதனை, அவ்வளவு முன்னதாக அதுவரை உடைந்ததில்லை. அந்த ஒரு தேதியை வைத்துக்கொண்டு எதையும் முடிவு கட்டாமல், பத்துப் பத்து ஆண்டுகளாகச் சராசரி போட்டுப் பார்க்கப் பிள்ளைகள் இப்போது பழகுகிறார்கள்.

அடுத்த ஆண்டு ஆறு உறையுமுன் குழுவுக்கு ஒரு கோல் என்று பிள்ளைகளே செய்துகொள்வார்கள், மரம் பார்த்தாயிற்று. வாராந்திர அளவுகளைத் தபால் நிலையத்துப் பலகையில் ஒட்டுவோம். அது அளந்த இடத்தின் கணக்கு மட்டும். ஆற்றில் வண்டி இறக்க அதை நம்பாதீர்கள், பத்தடி தள்ளி நீரோட்டம் ஐஸைத் தின்றிருக்கலாம்.

பெரியவருக்கு ஒரு வார்த்தை. கொக்கியின் மேல் போல்ட் தேய்ந்து ஆடுகிறது. துருப்பிடிக்காத போல்ட் ஒன்று மாற்றிப் போடலாமா? சரி என்றால் பள்ளியில் சொல்லியனுப்புங்கள், நீங்கள் சொல்லாமல் கை வைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஐஸ், வானிலை வகுப்பு ஆசிரியர்கள்