திறனறித் தேர்வும் மறுமுறை மதிப்பெண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, ஈரோடு வட்டாரக் கல்லூரிகளில் வளாக நேர்காணலின் முதல் கட்டமாக நடக்கும் திறனறித் தேர்வில் தவறிய ஒருவர், சில மாதங்கள் கழித்து அதே வகைத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றால், அவருடைய அறிவுத்திறன் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவது சரியன்று. 50 ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் அமெரிக்க உளவியல் இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, மறுமுறை எழுதுவோரின் மதிப்பெண் சராசரியாகத் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) கால் பங்கு உயர்வதைக் காட்டியது. அதாவது, முதல் முறை நூற்றில் 50 பேரை முந்தியவர், அதே கூட்டத்தில் ஏறத்தாழ 60 பேரை முந்துவார். அதே வினாத்தாள் திரும்ப வந்தாலோ, இடையில் பயிற்சி பெற்றிருந்தாலோ ஏற்றம் இன்னும் கூடுகிறது.

வினாக்களின் போக்கு பிடிபடுவதும், நேரத்தைப் பங்கிடத் தெரிவதும், பதற்றம் தணிவதும் இதற்குக் காரணங்கள். (கோவை காந்திபுரத்துப் பயிற்சி மையங்கள் விற்பதும் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தைத்தான் என்பது என் கருத்து.) ஆனால் தாளவாடி மலைப்பகுதியிலிருந்து வந்து முதன்முறையாக இத்தேர்வை எழுதும் மாணவியும், பலமுறை எழுதிப் பழகியவரும் ஒரே கட்-ஆஃப் மதிப்பெண்ணால் அளக்கப்படுகிறார்கள்.

எனவே நிறுவனங்கள் மாதிரித் தேர்வு ஒன்றை எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் கட்டணமின்றி முன்கூட்டியே வழங்க வேண்டும்; மறுவாய்ப்பில் வேறு வினாத்தாளைத் தர வேண்டும்; எவ்வளவு இடைவெளிக்குப் பின் மீண்டும் எழுதலாம் என்பதை அறிவிப்பிலேயே தெரிவிக்க வேண்டும். கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகள் இதை நிறுவனங்களிடம் வலியுறுத்தலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.