2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: மோசெல் கரையோரச் சைக்கிள் பயணங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, இன்று மண்டபத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களே,

எமது சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். யேர்மனியின் கோப்லென்ஸ் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் எமது குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மோசெல் ஆற்றோரமாக, வாகன இரைச்சல் இல்லாத பாதைகளில், எவரும் எவரையும் முந்த நினைக்காமல் சைக்கிள் ஓடவேண்டும் என்பதற்காகவே இச்சங்கம் தொடங்கப்பட்டது. அந்த நோக்கம் இவ்வாண்டு எவ்வளவு நிறைவேறியது, எங்கே தடைப்பட்டது, ஏன் தடைப்பட்டது என்பவற்றை மறைக்காமல் எழுதுவதே செயலாளரின் கடமை.

மார்ச் இறுதியில், கோக்கெம் பகுதிச் சரிவுகளில் திராட்சைத் தோட்டப் பீச் மரங்கள் பூத்திருந்தபோது, ஆண்டின் முதற் பயணம் நடைபெற்றது. ஏப்ரலில் சில்லு மாற்றுதல், பிரேக் சரிபார்த்தல் ஆகியவற்றுக்கான பயிற்சியும் முதலுதவி வகுப்பும் நடந்தன. ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த் திருவிழா நாளில் வழமைபோலப் பயணம் வைக்கப்படவில்லை.

பெந்தகொஸ்தே விடுமுறைக்குத் திட்டமிட்டிருந்த இரண்டு நாட் பயணம் கைவிடப்பட்டது. மே 17ஆம், 18ஆம் திகதிகளில் பெருமழை பெய்தது அயல் மாநிலமான சார்லாந்தில்தானே, எங்கள் பகுதிப் பயணத்தை ஏன் நிறுத்தவேண்டும் என்று சிலர் பின்னர் கேட்டார்கள். சார் ஆறு கொன்ஸ் நகரில் மோசெலுடன் கலக்கிறது. அங்கே பெய்த மழை கீழே எங்களிடம்தான் வந்து சேரும். சைக்கிள் பாதையோ பல இடங்களில் ஆற்றுக்கு மிக அருகில், எல்லாவற்றுக்கும் தாழ்வாகப் போடப்பட்டிருக்கிறது. நீர் வடிந்த பின்பும் பாதையில் தங்கிவிடும் சேறு, ஓடுபவரைச் சறுக்கி விழுத்தப் போதுமானது. 1993 டிசம்பர் வெள்ளத்தின் உயரத்தை ஊர் வீடுகளின் சுவர்களில் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகளை நிமிர்ந்து பார்த்தவர் எவரும் இந்த ஆற்றோடு விளையாட மாட்டார். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லும் சங்கம் என்ற வகையில் அந்த முடிவு சரியானது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

ஜூலையில் ரூவர் பள்ளத்தாக்கில், பழைய தொடருந்துத் தடத்தில் அமைந்த பாதையில் சென்றோம். ஏப்ரல் 22ஆம் திகதிக்குப் பின் வந்த இரவுகளில் விழுந்த உறைபனி சார், ரூவர் பகுதிகளின் திராட்சை இளந்தளிர்களைக் கருக்கிவிட்டிருந்ததால், பல சரிவுகளில் கொடிகள் இலையோடு நின்றனவே தவிரக் குலைகளைக் காணவில்லை. ஒரு தோட்டத்தின் ஓரத்தில் எமது மூத்த அங்கத்தவர் இருவர் இறங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் திராட்சைப் பந்தல் போட்டு வளர்த்தவர்கள் அவர்கள். இங்கே பந்தல் கிடையாது. பழைய மோசெல் முறையில் ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியே ஒரு கம்பு நட்டு, கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டுகிறார்கள். செங்குத்தான சரிவில் வேலை செய்பவர் எப்பக்கமும் நடக்க அது வழிவிடுகிறது என்பதை அவர்களே பிள்ளைகளுக்கு விளக்கினார்கள். இப்படியான அரைமணி நேரம் வேகமாக ஓடுகிற குழுக்களுக்குக் கிடைப்பதில்லை.

ஓகஸ்டில் டவுன் (Daun) என்ற ஊருக்குச் சைக்கிள் ஏற்றும் பேருந்தில் ஏறிச் சென்று, அங்கிருந்து பேர்ன்காஸ்டல்-கூஸ் வரை ஏறத்தாழ 58 கிலோமீற்றர் இறங்கி வந்தோம். அதுவும் பழைய தொடருந்துத் தடமே. தொடருந்து ஏறுவதற்காக வெட்டிய பாதை என்பதால் சரிவு மிக மெதுவானது, சிறுவர்களும் களைக்கவில்லை.

இனி இவ்வாண்டின் முதன்மைப் பணிக்கு வருகிறேன். அது அமைதிக்கரை வழிகாட்டிக் கையேடு.

மோசெல் பாதை பற்றி யேர்மன் மொழியில் வரைபடங்கள் நிறைய உண்டு. லக்சம்பேர்க், பிரான்ஸ் எல்லைகளை ஒட்டிய பேர்ல் தொடக்கம் கோப்லென்ஸ் வரையான ஏறத்தாழ 250 கிலோமீற்றருக்கும் வழிகாட்டிப் பலகைகளும் உண்டு. இருந்தும் எமது பெற்றோருக்கும் புதிதாகச் சைக்கிள் எடுத்தவர்களுக்கும் வேண்டிய ஒரு விடயம் அவற்றில் தெளிவாக இல்லை: எந்த இடத்தில் எந்தக் கரை அமைதியானது? கோப்லென்ஸிலிருந்து ஆல்ஃப் வரை 49ஆம் இலக்க நெடுஞ்சாலையும், அங்கிருந்து ட்ரியர்ப் பக்கமாக 53ஆம் இலக்க நெடுஞ்சாலையும் ஆற்றை ஒட்டியே ஓடுகின்றன. பாதை என்று சொல்லப்படுவது சில இடங்களில் அந்த நெடுஞ்சாலையின் ஓரத்தில் கோடு கீறிய துண்டுதான். ஆனால் இவை ஒரு நேரத்தில் ஒரு கரையில்தான் ஓடுகின்றன என்பதால், பல வளைவுகளில் மறு கரை தோட்டக்காரர்களின் உழவு இயந்திரங்களுக்கும் எமக்குமாக விடப்பட்டிருக்கிறது. பீஸ்போர்ட்டில் நெடுஞ்சாலை வலக்கரையால் போய்விடுவதால், உரோமர் காலத்துத் திராட்சை பிழியும் ஆலை கிடைத்த இடக்கரையில் சரிவின் அடிவாரமாக ஆறுதலாகச் செல்லலாம். பைல்ஸ்டைனில் படகுத்துறை இருப்பதால் பாலத்தைத் தேடி அலையாமல் கரை மாறலாம். ப்ரெம் ஊருக்கு மேலே எழும் கல்மொன்ற் சரிவு ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களுள் ஒன்று. அதன் முழு உயரத்தையும் பார்க்க, எதிர்க்கரைப் புல்வெளியில் ஸ்டூபன் கன்னியர் மடத்தின் இடிபாட்டருகே நிற்கவேண்டும்.

இவ்வாறு ஒவ்வொரு வளைவாக, எக்கரை, எப்பாலம், எங்கே நிழல், எங்கே குடிநீர், களைத்தவர் எந்த நிலையத்தில் தொடருந்து ஏறலாம் என்று எழுதிவருகிறேன். இந்தக் கடைசி விடயம் சிறியதல்ல. கோப்லென்ஸ்–ட்ரியர்த் தொடருந்துப் பாதை புல்லாயைத் தாண்டியதும் ஆற்றைவிட்டு விட்லிக் வழியாகப் போய் ஷ்வைக் அருகில்தான் மீண்டும் ஆற்றுக்கு வருகிறது. இடையில் ட்ராபன்-ட்ரார்பாக்குக்குப் போகும் கிளைப்பாதை ஒன்றே உண்டு. பேர்ன்காஸ்டலில் முழங்கால் பிடித்துக்கொண்டால் தொடருந்து இல்லை, பேருந்தைத்தான் தேடவேண்டும் என்பதை அங்கே போய் அறிவதைவிட வீட்டில் அறிவது நல்லது. கோக்கெம் அருகில் தொடருந்து 4.2 கிலோமீற்றர்ச் சுரங்கத்தால் சில நிமிடங்களில் தாண்டும் வளைவை நாம் ஆற்றோடு 20 கிலோமீற்றருக்கு மேல் சுற்றி வருகிறோம். நேரத்தைக் கணக்கிடாமல் புறப்பட்டவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

பயணங்கள் எல்லாம் தொடருந்தில் மேலே போய் ஆற்றோட்டத்தோடு கீழே வருமாறு அமைக்கப்படுவதற்கும் காரணம் உண்டு. மேற்குக் காற்று பெரும்பாலும் முதுகுப்பக்கம் இருக்கும். வீடு நெருங்க நெருங்கக் களைப்புக் கூடினாலும் பாதை கடுமையாகாது. வார இறுதியில் வட்டாரத் தொடருந்துகளில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை என்பதையும், இடம் இருந்தால்தான் ஏற்றுவார்கள் என்பதையும் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.

மேல்மோசெல் பகுதிக்கு ஒரு தனி அத்தியாயம் எழுதப்பட்டுள்ளது. ஓபர்பில்லிக் படகுத்துறையில் ஏறினால் எதிர்க்கரை லக்சம்பேர்க் நாடு. பேர்லுக்கு எதிரே இருப்பது, 1985 ஜூன் 14ஆம் திகதி எல்லைச் சோதனைகளை நீக்கும் உடன்படிக்கை ஆற்றில் நின்ற கப்பலொன்றில் ஒப்பமிடப்பட்ட செங்கன். எமது மூத்தவர்களில் பலர் அதே எண்பதுகளில் அகதி விண்ணப்பதாரர்களாக, எழுத்துமூல அனுமதியின்றித் தாம் குடியிருந்த மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாமல் இருந்தவர்கள். செப்ரெம்பர்ப் பயணத்தில் அவர்கள் சைக்கிளோடு அந்தப் படகில் ஏறி மறுநாட்டில் இறங்கியதை இச்சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும் என்று விரும்பினேன், எழுதியும் விட்டேன். அதே மாதம் 16ஆம் திகதி முதல் யேர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் தற்காலிகச் சோதனையைத் தொடங்கியிருப்பதால், அடையாள அட்டையின்றி எவரும் வரவேண்டாம்.

ஒக்ரோபர் அறுவடைப் பயணம் பற்றி ஒரு குறிப்பு அவசியம். தோட்டப் பாதைகளில் அறுவடைக் காலத்தில் முதலுரிமை உழவு இயந்திரங்களுக்கே. நாம் இறங்கி ஒதுங்கி நின்றால் அவர்கள் கையசைத்துப் போகிறார்கள். தோட்டக்காரர்கள் ஆண்டில் நான்கு மாதம் வரை வீட்டு முற்றத்திலேயே நடத்தும் வைன் கடைகளில் தங்கிச் செல்வது எமது வழக்கம். ஆனால் இந்நாட்டுச் சட்டம் சைக்கிளோட்டிக்கும் உண்டு: இரத்தத்தில் 1.6 புரோமில் (ஆயிரத்துக்கு 1.6 பங்கு) மதுவோடு ஓடுவது குற்றம், தள்ளாடி ஓடினால் 0.3 புரோமிலே போதும். ஆகவே அன்றைய ஓட்டம் முடியும் வரை சாறு, முடிந்த பின் ரீஸ்லிங் வைன் என்ற ஒழுங்கு அடுத்த ஆண்டும் தொடரும். புளித்துக்கொண்டிருக்கும் புது வைன் இனிப்பாக இருப்பதால் அதைச் சாறு என்று எண்ணிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடவேண்டாம்.

இப்போது மனவருத்தத்தோடு எழுதவேண்டிய பகுதி. ஓகஸ்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் கணிசமானோர் வரவில்லை. பேருந்தின் சைக்கிள் இழுவைப் பெட்டியில் அவர்களுக்காக முன்பதிவு செய்த இடங்கள் வெறுமையாகப் போயின. இடமில்லை என்று நாம் முன்னரே மறுத்த ஒரு குடும்பம் அன்று வீட்டில் இருந்தது. பூப்புனித நீராட்டு விழாவும் திருமணமும் பிறந்தநாளும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வரும் என்பதை நான் அறிவேன். எனக்கும் அழைப்பிதழ்கள் வருகின்றன. ஆனால் அழைப்பிதழ் முதல்நாள் இரவு வருவதில்லை. வர முடியாது என்று ஒரு வரி எழுதினால் அந்த இடம் இன்னொருவருக்குப் போயிருக்கும். குழுச் செய்திகளுக்குக் கைகூப்பும் படம் அனுப்புவதை வருகையை உறுதிசெய்ததாகக் கொள்ள முடியாது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

சந்தா நிலைமையும் இதைப் போன்றதே. ஆண்டின் முதற் காலாண்டுக்குள் செலுத்தவேண்டிய தொகையை இலையுதிர் காலம் வரை செலுத்தாதோர் உள்ளனர்; இரண்டு ஆண்டுப் பாக்கி வைத்திருப்போரும் உள்ளனர். அவர்களுள் சிலர் விலையுயர்ந்த மின்சைக்கிள்களில் வருவதைக் கண்டு மகிழ்கிறேன். ஒழுங்காகச் செலுத்துவோரில் பெரும்பாலோர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் என்பதையும் இங்கே பதிவுசெய்யவேண்டியிருக்கிறது. பயணம் மெதுவாக இருக்கிறது, உணவு வேளை நீள்கிறது என்ற விமர்சனங்கள் சந்தா செலுத்தாதோரிடமிருந்தே அதிகம் வருகின்றன.

கணக்கைப் பொறுத்தவரை, வரவு செலவை ஓரளவு ஈடுசெய்துள்ளது. காப்புறுதி, பேருந்து முன்பதிவு, திருத்தும் கருவிகள் ஆகியனவே முக்கிய செலவுகள். விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். கணக்காய்வாளர்கள் பார்வையிட்டு ஒப்பமிட்டுள்ளனர். கையேட்டு வேலைக்கான பயணச் செலவு எதையும் நான் சங்கத்திடம் கோரவில்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், ஒவ்வொரு பயணத்திலும் கடைசிச் சைக்கிளாக வந்து எவரையும் பின்தங்கவிடாத இளைஞர்களுக்கும், பயணங்கள்தோறும் புளிச்சாதமும் வடையும் கட்டித்தந்த சகோதரிகளுக்கும், தம் முற்றத்தில் இளைப்பாற இடம் தந்த தோட்டக்காரக் குடும்பங்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன்.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கையேடு கோப்லென்ஸிலிருந்து பேர்ன்காஸ்டல் வரை முடிந்துவிட்டது. அங்கிருந்து ட்ரியர் வரையான பகுதியைச் சரிபார்க்க இன்னும் இருவர் துணைக்கு வந்தால் இலையுதிர் காலத்துக்குள் முடிக்கலாம். அச்சுச் செலவுக்குப் பாக்கிச் சந்தாக்கள் வந்து சேர்ந்தாலே போதுமானது, புதிய நன்கொடை எதுவும் தேவைப்படாது. என் பதவிக்காலம் இக்கூட்டத்தோடு நிறைவுறுகிறது. கையேடு அச்சாகும் வரை தொடருமாறு சபை விரும்பினால், பதிவேட்டையும் பயண ஒழுங்குகளையும் பகிர்ந்து சுமக்க ஒரு துணைச் செயலாளரைத் தெரிவுசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இல்லையெனில் எழுதியவை யாவற்றையும் புதியவரிடம் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். மார்ச் இறுதிப் பயணத்துக்கான பெயர்ப்பட்டியல் வாசலில் பொருளாளரின் மேசையில் உள்ளது. பற்றுச்சீட்டுப் புத்தகமும் அதன் அருகிலேயே வைக்கப்பட்டுள்ளது.

இவ்வண்ணம்,
செயலாளர்