ரோலர் கோஸ்டரில் யார் ஏறலாம் என்பதை நுழைவாயிலிலேயே எழுதி வைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கிய பின்னர், விடுமுறைக்கு அங்குள்ள கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு எளிதாகியிருக்கிறது. அக்குடும்பங்களில் செயற்கைக் காலுடன் நடப்பவரோ சக்கர நாற்காலியில் இருப்பவரோ ஒருவர் இருப்பது, போரைக் கடந்து வந்த எமது மாவட்டத்தில் அரிதன்று. நானும் இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்தியவன் என்பதால், புதிதாக அமைக்கப்படும் ரோலர் கோஸ்டர்களில் எம்மைப் போன்றோர் ஏறுவது குறித்துத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

இந்தியாவில் ஒரு பூங்காவில், முழுக் கட்டணமும் செலுத்தி, வெயிலில் வரிசையில் நின்று, இரும்புப் படிகளில் ஏறி மேடையை அடைந்த பின்னரே எனக்கு அனுமதியில்லை என்று சொல்லப்பட்டது. காரணம் கேட்டதற்குப் பணியாளரிடம் விடை இருக்கவில்லை. அவர் என்னை விட்டுவிட்டு என் மருமகனைப் பார்த்து, "சாருக்கு முடியாதுங்க" என்றார். (உரியவர் எதிரே நிற்கத் துணைக்கு வந்தவருடன் பேசும் இவ்வழக்கம் எமது கந்தோர்களிலும் தாராளமாக உண்டு.) அனுமதி மறுக்கப்பட்டதைப் பற்றி நான் முறையிடவில்லை, நுழைவுச்சீட்டு வாங்குமுன் அது சொல்லப்படாததைப் பற்றியே முறையிடுகிறேன்.

மறுப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பதை நான் அறிவேன். பல ரோலர் கோஸ்டர்களில் தொடைகளின் மேல் இறங்கிப் பூட்டிக்கொள்ளும் கம்பியே பயணியை இருக்கையில் நிறுத்துகிறது. வண்டி உச்சியைக் கடந்து சரியும்போது உடல் இருக்கையை விட்டு மேலெழ முனையும், அவ்வேளை அக்கம்பி பிடிப்பதற்குத் தொடைகள் இருந்தாக வேண்டும். 2011 ஜூலையில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துப் பூங்கா ஒன்றில், ஈராக் போரில் இரு கால்களையும் இழந்த முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் ஓடும் ரோலர் கோஸ்டரிலிருந்து வெளியே வீசப்பட்டு உயிரிழந்தார். அதுபோல ஒன்று மீண்டும் நிகழக் கூடாது. ஆயினும், இரு தொடைகளும் முழுமையாக உள்ள, முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரு காலை இழந்தவரின் நிலை அதுவன்று. அவருக்கு எழும் கேள்வி வேறு: கால்கள் தொங்கும் வகை வண்டியானால் செயற்கைக் கால் கழன்று கீழே நிற்பவர் மேல் விழாதிருக்க அதனைக் கழற்றி வைக்க வேண்டுமா, பட்டியால் கட்டினாற் போதுமா என்பதே அது. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ, நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறுவது முதற் சிக்கல். பணியாளர்கள் தூக்கிவிடுவதில்லை என்பது பல பூங்காக்களின் விதி. வண்டி ஏற்றத்தின் நடுவில் நின்றுபோனால் ஒடுங்கிய படிகளால் இறங்கி வர இயலுமா என்பது அதைவிடப் பெரிய சிக்கல். செவிப்புலன் குறைந்தவர் கேட்கும் கருவியைக் கழற்றி வைத்த பின்னர் ஒலிபெருக்கி அறிவிப்பு அவருக்கு எப்படி எட்டும் என்று எவரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு வண்டிக்கும் விடை வேறுபடுவதால், "மாற்றுத்திறனாளிகளுக்கு அனுமதியில்லை" என்ற ஒற்றை வரிப் பலகை எதையும் தெரிவிப்பதில்லை. எத்தனை கைகளால் பற்ற வேண்டும், எவ்வளவு தொடை வேண்டும், எத்தனை படிகள் இறங்க நேரலாம் என்பவற்றைத் தமிழில் எழுதி, நுழைவாயிலில் ஒரு மாதிரி இருக்கையையும் வைத்தால், அவரவர் தமக்குப் பொருந்துமா என்பதை அமர்ந்து பார்த்தே அறிந்துகொள்வர். அமெரிக்காவின் 2010 ஆம் ஆண்டு அணுகுவசதித் தரநிலைகள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, புதிய ஒவ்வொரு கேளிக்கை வண்டியிலும் சக்கர நாற்காலிக்கான இடமோ, மாறி அமர்வதற்கேற்ற இருக்கையோ, மாற்றிவிடும் சாதனமோ இருக்க வேண்டும் என்கின்றன. வடிவமைக்கும்போதே சிந்தித்தால் இது இயலும். கட்டி முடித்த பின்னர் சாய்தளம் ஒட்டவைப்பதுதான் கடினம்.

எமது நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும், கட்டடங்களின் அணுகுவசதி பற்றிய 2006 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது. அதன் 30 ஆம் உறுப்புரை பொழுதுபோக்கையும் பிள்ளைகளின் விளையாட்டையும் உரிமையாகவே குறிப்பிடுகிறது. இருந்தும், இங்கு திருவிழாக் காலங்களில் வந்து போகும் களியாட்ட அரங்குகளின் ராட்டினங்களுக்கு மணலைத் தாண்டி, செங்குத்தான தகரப் படிகளில்தான் ஏற வேண்டியிருக்கிறது. இடத்தை வாடகைக்குக் கொடுத்துக் கேளிக்கை வரி அறவிடும் உள்ளூராட்சி மன்றங்கள், அனுமதி வழங்கும் அதே கடிதத்தில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: மேடை வரை உறுதியான பாதை, நிபந்தனைகளைக் காரணத்துடன் கூறும் தமிழ் அறிவிப்பு, ஏற இயலாதவருக்கு அந்த வண்டிக்குரிய கட்டணத்தைத் திருப்பித் தருதல். சென்னைக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்யும் இங்குள்ள முகவர்களும், பணம் வாங்குமுன் இவ்விபரங்களைப் பூங்காக்களிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுத் தருவார்களாயின் நன்று. வடக்கில் பெரிய பூங்கா அமைக்க முன்வரும் எவரும், வரைபடம் கையில் இருக்கும்போதே செயற்கைக் கால் அணிந்தோரையும் சக்கர நாற்காலி பாவிப்போரையும் அழைத்துக் கேட்பார்களாக.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.