பழைய நகை ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்று முடிவு செய்திருந்தோம். கார்த்திகையில் மட்டும் மழையால் கூட முடியவில்லை. மற்றவை எல்லாம் மயிலாப்பூரில் வழக்கமான மாடி அறையிலேயே நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு என் மனதில் நிற்பது ஆடி மாத ப்ரூச் கூட்டம்தான். பாட்டிமார் சேலைத் தலைப்பைத் தோளில் நிறுத்தக் குத்திக்கொண்ட ப்ரூச், இன்று பல வீடுகளில் பீரோ லாக்கரில் பஞ்சுக்குள் கிடக்கிறது. அன்று வந்த எல்லா ப்ரூச்சுகளையும் மேசையில் கவிழ்த்து வைத்துத்தான் ஆரம்பித்தோம். வயதைப் பின்பக்கம்தான் சொல்லும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ப்ரூச்சில் ஊசியை மாட்ட வளைந்த கொக்கி ஒன்றுதான் இருக்கும். ஊசி முனை பெரும்பாலும் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். உருட்டிப் பூட்டும் கொக்கி பரவியது 20ஆம் நூற்றாண்டில். ஆனால் கொக்கியைப் பின்னால் யாராவது மாற்றியிருக்கலாம். அதனால் புதிதாகப் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர் தம் மாமியாரின் ப்ரூச்சைக் கொண்டுவந்தார். ஓர் அங்குலத் தங்க மயில். தோகை முழுக்கக் கெம்பு, கண்ணுக்குக் கடுகளவு பச்சைக்கல். குத்திக்கொள்ளும் முறை வெள்ளைக்காரருடையது, மயில் நம் ஆசாரியின் கைவேலை. கற்களுக்கு அடியில் தகடு வைத்து, பின்பக்கம் மூடிய குளோஸ் செட்டிங். தோகை இடுக்கில் பழைய மஞ்சள் ஒட்டியிருந்தது. தயவுசெய்து அதைச் சுத்தம் செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

புரட்டாசியில் ஐரோப்பிய நகைப் பாணிகள் பற்றி ஓர் உறுப்பினர் பேசினார். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்தபின் விக்டோரியா மகாராணி 1901இல் தாம் இறக்கும்வரை துக்க உடையிலேயே இருந்தார். அதையொட்டி இங்கிலாந்தின் விட்பி ஊரில் கிடைக்கும், மரம் புதைந்து இறுகி உருவான ஜெட் என்ற கறுப்புக் கல்லுக்கு மவுசு வந்தது. இறந்தவரின் முடியைக் கண்ணாடிக்குள் வைத்த ப்ரூச்சுகளும் பெருகின. அப்புறம் பிளாட்டினத்தில் லேஸ் போன்ற மெல்லிய வேலை. 1920களில் நேர்கோடும் கோணமுமாக ஆர்ட் டெகோ. அதே காலத்து நம்மூர்க் கதையை அவர் இரண்டே நிமிடத்தில் முடித்ததுதான் எனக்குக் குறை. மவுண்ட் ரோட்டில் 1879இல் கட்டிய கட்டடத்தில் இன்றும் நிற்கிற பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) என்ற கடிகார, நகைக் கடை, சாமி உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கிய ‘சுவாமி’ நகைகளுக்கு அந்நாளில் பேர்போனது. நம் ஊர்த் தெய்வங்கள் ப்ரூச்சாகிச் சீமைக்குப் போன அந்தக் கதைக்குத் தனிக் கூட்டமே வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் போனோம். செப்புத் திருமேனிகளின் கைவளை, தோள்வளை, இடையணிகளைப் பார்த்து முடிக்கவே மதியமாகிவிட்டது.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவர் ஊரில் இல்லாத சமயம், வீட்டார் அவருடைய அம்மாவின் மூன்று ப்ரூச்சுகளைக் கடையில் கொடுத்துப் புது வளையல் வாங்கிவிட்டார்கள். கடையில் கற்களைத் தட்டி எடுத்து, எடை போட்டு, சேதாரம் கழித்து, தங்கத்தை உருக்கிவிட்டார்கள். கற்களை மட்டும் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பொட்டலத்தைத்தான் அவர் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். அன்று யாருக்கும் பேச்சு வரவில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் பதிவேடு தொடங்குவது என்று தீர்மானித்தோம். விற்பதும் மாற்றுவதும் அவரவர் வீட்டு நிலைமை. அதில் சங்கம் தலையிட முடியாது. அதற்கு முன் ஒரு முறை எங்களிடம் காட்டுங்கள், அது போதும். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என மூன்று படம் எடுப்போம். பக்கத்தில் அளவுகோல் இருக்கும். எடையோடு, யார் அணிந்தது, எந்த ஆசாரி செய்தது என்பதையும் எழுதிக்கொள்வோம். அதை அணிந்தவர் இருக்கும் பழைய ஸ்டூடியோ படம் கிடைத்தால் அதையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

செயலாளர்