சுபாருவைப் பாதியில் கைவிட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனிமே பார்க்கும் நண்பர்களே,

நம் உலகத்துப் பையன் ஒருவன் மந்திர உலகத்தில் போய் விழும் 'ரீ:ஜீரோ' தொடரைப் பற்றிப் பேச்சு வந்தாலே உங்களில் பாதிப் பேர் ஒரே பாட்டைத்தான் பாடுகிறீர்கள். "அந்த ஹீரோ சுபாருவைப் பார்த்தாலே எரிச்சலா வருது, 13-வது எபிசோடோட நிறுத்திட்டேன்." சரி, உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானும் முதல் தடவை அதே இடத்தில்தான் மூடிவைத்தேன். அரண்மனையில் அத்தனை பெரியவர்கள் நடுவே, யாரும் கேட்காமலேயே, தான் காதலிக்கும், அரியணைப் போட்டியில் நிற்கும் எமிலியாவின் வீரன் என்று தன்னை அறிவித்துக்கொண்டு, கூடியிருந்த வீரர்களையெல்லாம் மட்டம் தட்டிப் பேசி, அப்புறம் அவர்களில் ஒருவனான ஜூலியஸிடம் மரக்கத்தியால் வாங்கிக் கட்டிக்கொள்கிறானே, அதைப் பார்க்கும்போது நமக்கே மானம் போகிறது.

ஆனால் நிறுத்தினோமே, அந்த இடம்தான் தப்பு. கணக்கு திறந்ததும் எழுந்து போய்விட்டோம்.

அந்த எபிசோடின் கடைசிச் சண்டையை இன்னொரு தடவை பாருங்கள். விடுதியிலேயே இரு, மந்திரத்தைப் பயன்படுத்தாதே என்று எமிலியா வாங்கிய வாக்குறுதிகளை மீறிவிட்டு, உனக்காக எவ்வளவு செய்திருக்கிறேன், நீ எனக்குத் தீர்க்கவே முடியாத கடன் பட்டிருக்கிறாய் என்று அவளிடமே கத்துகிறான். கேவலம்தான். ஆனால் அவன் சொல்வது பொய்யில்லை, சிக்கலே அதுதான். அவன் செத்துச் செத்துத் திரும்பி வருகிறான், ஒவ்வொரு தடவையும் காலம் பின்னால் போகிறது, நடந்தது அவனைத் தவிர யார் நினைவிலும் இல்லை. வாய்விட்டுச் சொல்ல நினைத்தாலே கண்ணுக்குத் தெரியாத கைகள் அவன் நெஞ்சைப் பிடித்து நசுக்குகின்றன. ஆக, அந்தக் கடன் நோட்டு அவன் கையில் மட்டும்தான் இருக்கிறது. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், பழகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு பையன் எதற்கென்றே தெரியாத வட்டியைக் கேட்டு நிற்கிறான்.

அப்புறம் வருவதைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. எமிலியாவைக் காப்பாற்ற உதவி கேட்டு, அரியணைக்குப் போட்டியிடும் மற்றவர்களின் வாசல் ஒவ்வொன்றாகப் போய்ப் பிச்சை கேட்கிறான். க்ரூஷ் மறுக்கிறாள். ப்ரிசில்லா காலை நக்கச் சொன்னால் அதற்கும் தயாராகிறான், அதையும் அருவருப்பாகப் பார்த்து விரட்டிவிடுகிறாள். அவனைக் காதலிக்கும் பணிப்பெண் ரெம் கண்ணெதிரே சாகிறாள். அரண்மனையில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற திமிர் எவ்வளவு மெல்லிய தோல் என்பது அங்கேதான் தெரிகிறது.

அவன் செத்து, காலம் மறுபடி பின்னால் போய், ரெம் உயிரோடு இருக்கிறாள். 18-வது எபிசோடு கிட்டத்தட்ட முழுக்க அவர்கள் இரண்டு பேரும் நின்று பேசுவதுதான். காரராகி நாட்டுக்கு ஓடிப்போய்விடலாம் என்று ரெம்மிடம் கெஞ்சுகிறான், அவள் மறுக்கிறாள். அப்போதுதான் உடைகிறான். பலம் இல்லை, அறிவு இல்லை, எதற்காகவும் உழைத்ததில்லை, வாய் மட்டும்தான், தன்னைத் தனக்கே பிடிக்கவில்லை என்று கொட்டித் தீர்க்கிறான். நீங்களும் நானும் அவனைத் திட்டிய அத்தனை வார்த்தையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, நம்மைவிட நன்றாகவே திட்டுகிறான். எனக்கு அங்கேதான் விளங்கியது, அந்தத் திமிரும் இந்த வெறுப்பும் வேறு வேறு இல்லை என்று. தான் ஒன்றுமே இல்லை என்று நம்புகிறவனுக்குத்தான் 'நான் வீரன்' என்று ஊர் கேட்கச் சொல்லவேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் பலசாலி ஆகிவிடவில்லை. இதைக் கவனியுங்கள். கத்தி வீசத் தெரியாதவன் கடைசிவரை கத்தி வீசத் தெரியாதவன்தான். மாறுவது கேட்கும் விதம். முன்பு வெறுங்கையோடு போய் அழுதவன், வெள்ளைத் திமிங்கலம் என்ற அரக்க மிருகம் எப்போது, எங்கே வரும் என்ற தகவலைக் கையில் வைத்துக்கொண்டு க்ரூஷிடம் பேரம் பேசுகிறான். மனைவியைத் திமிங்கலத்துக்குப் பறிகொடுத்த கிழவர் வில்ஹெல்ம் பழி தீர்க்கிறார், அந்த வெற்றி அவருக்குத்தான். இவன் அதற்கு வழி செய்து கொடுத்தவன், அவ்வளவே. ஜூலியஸிடம் மன்னிப்புக் கேட்கிறான், கூடவே உன்னை எனக்குப் பிடிக்காது என்றும் சொல்கிறான் (அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்). பிறகு தன்னை அடித்து நொறுக்கிய அதே ஆளுக்கு மந்திரம் வழியாகத் தன் கண்களையே கடன் கொடுக்கிறான், எதிரி ஏவுகிற, சுபாருவுக்கு மட்டும் தெரிகிற மாயக் கைகளை ஜூலியஸும் பார்த்து வெட்ட வேண்டும் என்பதற்காக. 13-வது எபிசோடுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இரண்டாம் சீசனைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் வந்தது. சோதனை என்ற பேரில் அவனைப் பழைய வீட்டுக்கே அனுப்புகிறார்கள். எல்லாருக்கும் பிடித்த அப்பா, அவருடைய மகனா நீ என்று கேட்கும் ஊர். சின்ன வயதில் எல்லாவற்றிலும் முதல். பிறகு மெல்லப் பின்தங்கி, கோமாளித்தனம் பண்ணிக் கவனத்தைப் பிடித்து வைத்து, அதுவும் எடுபடாமல் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டான். அரண்மனைக் கூத்து எங்கே தொடங்கியது என்பதற்கு விடை இந்த எபிசோடில் இருக்கிறது. கிளம்பும்போது அம்மாவிடம் 'இத்தேகிமாஸ்' என்கிறான். நம் வீட்டில் 'போறேன்' என்று சொன்னால் அதட்டுவார்களே, 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லச் சொல்லி, அதே வார்த்தைதான். திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தே சொல்கிறான். எனக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று நான் சுபாரு சார்பில் கேட்கவில்லை. அந்தச் சண்டைக்கு எமிலியாதான் மன்னிக்க வேண்டும், நாம் யார்? 14-இலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள், அவ்வளவுதான். 15-ஐச் சாப்பிடும்போது மட்டும் பார்க்காதீர்கள். ரெம்மை விட்டுவிட்டு எமிலியாவா என்ற பஞ்சாயத்தை 25 முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம், அதில் நான் யார் பக்கம் என்று இப்போதே சொல்லிக் கெடுக்கவில்லை.

இப்படிக்கு,
உங்களைப் போலவே 13-இல் ஓடிப்போய்த் திரும்பி வந்த ஒருவன்